மாட்டு உண்ணிக்கு மூலிகைக் கரைசல்: மூன்று வருட அனுபவம்

எங்களிடம் இரண்டு ஜெர்சி கலப்பின மாடுகளும் ஒரு கிடாரிக் கன்றும் இருக்கின்றன. உண்ணிக்கு மூலிகைக் கரைசல் அடிக்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. மரபுவழி வைத்தியத்தில் சொல்லித்தரும் அதே அளவுதான்: பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம், அப்புறம் வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி. அரைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்ட வேண்டும்.

முதல் இரண்டு மாதம் ஏமாற்றமாக இருந்தது. அடித்த மறுநாள் காது மடலிலும் மடியிலும் உண்ணி குறையும். பத்தே நாளில் திரும்ப வந்துவிடும். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, தொழுவத்துச் சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. நான் மாட்டுக்கு மட்டும் அடித்துக்கொண்டிருந்தேன். விரிசல், தீவனத் தொட்டியின் அடி, கட்டுத்தறி எல்லாவற்றுக்கும் வாரம் தவறாமல் அடித்தேன். ஆறாவது வாரம் மாட்டைத் தடவிப் பார்த்தபோது கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

அன்றன்றைக்கு அரைப்பதுதான் சரி. துளசியின் யூஜெனால், வசம்பின் அசரோன் எல்லாம் வாசனை எண்ணெயில் இருப்பவை, காற்றில் பறந்துவிடும். போன வாரத்து மிச்சத்தை அடித்துப் பார்த்தேன், பலனே இல்லை.

பால் கறந்த பிறகு, நல்ல வெயிலில் அடிப்பேன். உண்ணிச்செடியைத் தின்றால் மாட்டுக்கு ஈரல் கெட்டுவிடும். அதனால் சக்கையைக் குழி தோண்டிப் புதைக்கிறேன். உடம்பு காயும்வரை ஒன்றையொன்று நக்காதபடி தள்ளித் தள்ளிக் கட்டுகிறேன். ஒருமுறை அவசரத்தில் நீலகிரித் தைலத்தை அப்படியே காதில் தடவிவிட்டேன். தோல் வெந்து உரிந்தது. வாயில்லா ஜீவன், இன்றைக்கும் நினைத்தால் மனசு கேட்கவில்லை. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

போன மழைக்காலத்தில் பெரிய மாட்டுக்குக் காய்ச்சல் வந்து, மூத்திரம் காப்பி நிறத்தில் போனது. உண்ணி கடித்துப் பரவும் பபேசியா என்ற ரத்தக் கிருமி என்றார் டாக்டர். ஊசி போட்டுத்தான் பிழைத்தது. ரத்தத்துக்குள் போய்விட்ட கிருமியை இந்தக் கரைசல் ஒன்றும் செய்யாது. அந்த நிறத்தைப் பார்த்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இந்த ஆடியில் தொழுவத்து விரிசல்களைச் சிமெண்ட் பூசி அடைத்துவிட்டேன். இப்போது மாதம் இரண்டு முறை அடித்தாலே போதுமானதாக இருக்கிறது.