ரோந்து வண்டியை மாற்ற எது நல்ல வழி? மூன்று பட்ஜெட் முறைகளும் இரண்டு வண்டிகளும்

அமெரிக்காவில் ஊர் போலீசுக்கு வண்டி வாங்கித் தருவது பெரும்பாலும் நகராட்சிதான். நூலகம், பூங்கா, தீயணைப்பு எல்லாம் எந்தப் பொது நிதியில் நடக்கிறதோ, ரோந்து வண்டியும் அதே நிதியில்தான் வந்தாக வேண்டும். கலிபோர்னியாவில் ஜூலை 1-இல் நிதியாண்டு தொடங்குகிறது. அதற்கு முந்தைய மாதங்களில் நகரசபைகளில் இந்தப் பேச்சு வரும்போது, டெஸ்லாவா ஃபோர்டா என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. பணத்தை எப்படி ஒதுக்குவது என்பதை முதலில் முடிவு செய்தால்தான் எந்த வண்டி என்ற கேள்விக்கே அர்த்தம் உண்டு என்பது என் உறுதியான கருத்து.

முதல் முறை, ஆண்டுதோறும் பொது நிதியிலிருந்து நேரடியாக வாங்குவது. கடன் இல்லை, வட்டி இல்லை, யாரோடும் நீண்ட ஒப்பந்தம் இல்லை. நல்ல ஆண்டுகளில் இதைவிட எளிய வழி கிடையாது. கெட்ட ஆண்டில் முதலில் வெட்டப்படுவதும் இதுதான். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு பல நகரங்கள் 'இந்த ஆண்டு ஓட்டிக்கொள்ளுங்கள்' என்று தள்ளிப்போட்டன. தள்ளிப்போட்ட வண்டிகளெல்லாம் ஒரே நேரத்தில் கிழடாகி நிற்கும். அது போதாதென்று, போலீஸ் வட்டாரம் பழகிப்போயிருந்த ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவின் தயாரிப்பும் 2011 செப்டம்பரில் நின்றது. புது மாடல் என்றால் பழைய வண்டியின் கம்பித் தடுப்பு, துப்பாக்கித் தாங்கி போன்றவை பொருந்தாது. அவற்றையும் புதிதாக வாங்க வேண்டும்.

இரண்டாவது, மாற்று நிதி, அதாவது பழைய வண்டியை மாற்றுவதற்கென்றே தனியாகச் சேர்த்து வைக்கும் நிதி. வண்டி சேவைக்கு வந்த நாளிலிருந்தே அடுத்த வண்டிக்கான பணத்தைக் காவல் துறை தன் பட்ஜெட்டிலிருந்து இந்த நிதிக்கு ஆண்டு வாடகைபோலச் செலுத்தும். கணக்குக்காக ஒன்று: விளக்கு, ரேடியோ, கணினி எல்லாம் பொருத்திய வண்டி 60,000 டாலர், ஆயுள் 5 ஆண்டு, மொத்தம் 40 வண்டிகள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4,80,000 டாலர் நிதிக்குப் போகும், 8 வண்டிகள் மாறும். விலையேற்றத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால், எந்த ஆண்டும் சபைக்கு அதிர்ச்சி இல்லை. ஏலத்தில் போகும் பழைய வண்டியின் காசும் இதே நிதிக்குத் திரும்பும். இதற்கு ஒரே எதிரி சபையேதான். வேறு எங்காவது துண்டு விழும்போது, நிறைந்து கிடக்கும் இந்த நிதியில் கைவைக்கத் தோன்றும். எடுத்தால் இத்தனை ஆண்டுக்குள் திருப்பி வைக்க வேண்டும் என்று எழுத்தில் ஒரு விதி இல்லாவிட்டால், பெயர்தான் மாற்று நிதி. நடப்பது முதல் முறைதான்.

மூன்றாவது, குத்தகை. கையில் பணமே இல்லாத நகரம் ஒரே ஆண்டில் மொத்த வண்டிகளையும் மாற்ற இது உதவும். ஆனால் மாதத் தவணை நிலையான கடமையாகிவிடும். வருமானம் குறைந்தாலும் தவணை குறையாது. தேங்கிப்போன வண்டிகளை ஒரு முறை தீர்க்க இதைப் பயன்படுத்தலாம். பழக்கமாக்கக் கூடாது.

எந்த வண்டியை முதலில் மாற்றுவது? அமெரிக்கப் பொதுப்பணி சங்கத்தின் புள்ளி முறையில் வயதுக்கு ஆண்டுக்கு 1, ஓட்டத்துக்கு 10,000 மைலுக்கு 1, பிறகு பழுதுச் செலவு, நம்பகம், நிலை என்று புள்ளிகள் கூடும். புள்ளி அதிகமான வண்டி முதலில் மாறும். ரோந்து வண்டிக்கு இது மட்டும் போதாது. 8 மணி நேர ஷிப்டில் ஏறக்குறைய 4.9 மணி நேரம் எஞ்சின் ஓடியபடியே வண்டி நிற்கிறது என்கிறது ஃபோர்டு. அப்படி நிற்கும் ஒரு மணி நேரத்தின் தேய்மானம் சுமார் 33 மைல் ஓடியதற்குச் சமம் என்பதும் அதன் கணக்கே. ஓடோமீட்டரில் 60,000 மைல் காட்டும் வண்டியின் எஞ்சின் உள்ளுக்குள் அதைப்போல இரு மடங்கு உழைத்திருக்கலாம். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பார்க்காமல் போடும் பட்டியலை நான் நம்புவதில்லை.

இந்த நிற்கும் நேரத்தால்தான் பெட்ரோல் எஞ்சினும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் இங்கே வலுவான போட்டியாளர். ஃபோர்டு போலீஸ் இன்டர்செப்டர் யூட்டிலிட்டியின் 2020 ஹைபிரிட் மாடலுக்குக் கேலனுக்கு 24 மைல், முந்தைய 3.7 லிட்டர் வண்டிக்கு 17. நிற்கும்போது விளக்கு, கணினி, ரேடியோவைப் பேட்டரி தாங்குவதால் எஞ்சின் அவ்வப்போதுதான் ஓடுகிறது. சார்ஜர் நிலையம் வேண்டாம், மெக்கானிக்குகளுக்கும் பழகிய வண்டி.

மின்வண்டியில் இரண்டு கலிபோர்னியா நகரங்களைப் பார்க்கலாம். தமிழ்க் குடும்பங்களும் டெஸ்லா ஆலையும் உள்ள ஃப்ரீமாண்ட், 2018-இல் 2014 மாடல் டெஸ்லா மாடல் எஸ் ஒன்றைப் பழைய வண்டியாக 61,478 டாலருக்கு வாங்கியது. 2007 மாடல் டாட்ஜ் சார்ஜர் என்ற பெட்ரோல் கார் ஒன்றுக்கு மாற்றாக வந்த அது, ஒரே வண்டியை வைத்துச் செய்த பரிசோதனை. 2019 செப்டம்பரில் ஒரு துரத்தலின் நடுவே, இன்னும் 6 மைலுக்குத்தான் சார்ஜ் இருக்கிறது என்று அதிகாரி ரேடியோவில் சொன்னது உலகச் செய்தியானது. முந்தைய ஷிப்டுக்குப் பின் முழுதாகச் சார்ஜ் செய்யாததே காரணம். இதை வைத்து மின்வண்டியே உதவாது என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் ஷிப்ட் மாறும்போது பிளக்கைச் செருகுவது யார் பொறுப்பு என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

சவுத் பாசடீனா மொத்தமாகவே மாறியது. 2024 ஜூலையில் 20 டெஸ்லாக்கள்: ரோந்துக்கு 10 மாடல் ஒய், துப்பறிவாளர்களுக்கும் அலுவலகத்துக்கும் 10 மாடல் 3. திட்டச் செலவு 18.5 லட்சம் டாலர். வண்டிக்கு ஆண்டுக்குச் சுமார் 4,000 டாலர் எரிபொருள் மிச்சமாகும் என்று நகரம் எதிர்பார்த்தது. காற்றுத் தர அமைப்புகளின் உதவிப் பணமும் கிடைத்தது. ஊரோ 9 சதுர கிலோமீட்டர்தான். சார்ஜ் தீருமோ என்ற பயத்துக்கு அங்கே இடமே இல்லை.

என் தேர்வு: திருப்பி வைக்கும் விதியோடு மாற்று நிதி, ரோந்துக்கு ஹைபிரிட். மின்வண்டி முதலில் துப்பறிவாளர்களுக்குப் போகட்டும். இரவில் நின்று சார்ஜ் ஏற அவற்றுக்கு நேரம் உண்டு. சிறிய ஊர், சார்ஜருக்கு உதவிப் பணம் இரண்டும் அமைந்தால் சவுத் பாசடீனா வழியில் தாராளமாகப் போகலாம். அந்த உதவி அடுத்த மாற்றத்துக்கும் கிடைக்கும் என்று நம்பாமல், முதல் ஆண்டிலிருந்தே நிதிக்கு முழு விலையைக் கட்டி வர வேண்டும்.