எரக்தஸ் டிவி: நாலு விசிலுக்குள் ஓர் எதிர்க்கட்சித் தலைவர்

டப்ளினுக்கு வந்த புதிதில், கேபிளுக்குக் காசு கொடுக்க மனமில்லாமல் பார்க்க ஆரம்பித்தது இந்தச் சேனல். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வெகுநாள் 'ஓயிரியாக்டஸ்' என்றே சொல்லித் திரிந்தேன். அயர்லாந்து நாடாளுமன்றத்தின் சொந்த ஒளிபரப்பு. இணையத்தில் இலவசம், அலறும் நெறியாளர் கிடையாது.

முழு நாளும் பார்க்கச் சொல்லமாட்டேன். பல நேரம் காலி இருக்கைகளைப் பார்த்துத்தான் ஒருவர் பேசிக்கொண்டிருப்பார். தவறவிடக் கூடாதது 'லீடர்ஸ் குவெஸ்சன்ஸ்', எதிர்க்கட்சித் தலைவர்கள் பிரதமரைக் கேள்வி கேட்கும் நேரம். முதல் கேள்வி எதிர்வரிசையில் பெரிய கட்சிக்கு. 2024 தேர்தலில் 39 இடம் பிடித்த சின் ஃபெயின்தான் இப்போது அது. எனவே பெரும்பாலும் முதலில் எழுபவர் அதன் தலைவர் மேரி லூ மெக்டொனால்ட். கேட்க 3 நிமிடம், பதிலுக்கு 3, அப்புறம் ஆளுக்கு 1. எங்கள் வீட்டு அடுப்பில் பருப்புக்கு நாலு விசில் வருவதற்குள் முடிந்துவிடும். எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி ஒரு நிமிடம். 'டீஷக், டீஷக்' என்று பிரதமரை மரியாதையாக விளித்துக்கொண்டே விளாசுவார்.

இத்தனைக்கும் 'எதிர்க்கட்சித் தலைவர்' என்ற பதவி அரசியல் சாசனத்தில் இல்லை. வழக்கத்தில் வந்த பெயர்தான். இன்று பதில் சொல்லும் பிரதமர் மிஹால் மார்ட்டினே 2011 முதல் 2020 வரை எதிர்க்கட்சித் தலைவர். அதிலும் கூத்து, 2016-இல் அமைந்த சிறுபான்மை அரசு கவிழாமல் பார்த்துக்கொண்டது அவர் கட்சிதான்.

அப்படிப்பட்ட பதவிக்குப் பேசும் நேரம்தானே ஆயுதம்? 2025 ஜனவரி 22 அன்று அதைக் கண்ணால் பார்த்தேன். புதிய அரசை ஆதரிக்கும் சில சுயேச்சைகள், எதிர்க்கட்சிகளுக்கான நேரத்தில் தங்களுக்கும் பங்கு கேட்டார்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. எதிர்க்கட்சிகள் விடவில்லை. கூச்சல், ஒத்திவைப்பு, மறுபடி கூச்சல். பிரதமர் தேர்வே மறுநாளுக்குத் தள்ளிப்போனது. அன்று என் குக்கரில் பருப்பு அடிப்பிடித்தது.

நேரலை தவறினாலும் பரவாயில்லை, யார் என்ன சொன்னார் என்பது முழுசாக நாடாளுமன்றத் தளத்தில் எழுத்தில் கிடைக்கும்.

5-க்கு 4 தருகிறேன். குறைத்த ஒன்று ஆகஸ்டுக்காக. சபைக்குக் கோடை விடுமுறை. விசிலை நானேதான் எண்ண வேண்டியிருக்கிறது.