வங்காலையா, சுண்டிக்குளமா?

தை, மாசியில் பறவை பார்க்க எங்கே போகலாம் என்று உறவினர்கள் கேட்டால், வன்னியில் எனக்கு இரண்டு இடங்கள் நினைவுக்கு வரும்.

கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் வருபவர்களை மன்னார்ப் பக்கம் வங்காலைக்கே அனுப்புவேன். 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள இந்தச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. மன்னார் வீதி அதன் ஓரமாகவே போவதால் பஸ் ஜன்னலிலிருந்தே பூநாரைகளைக் காணலாம். ஆனாலும் இறங்கி நின்று பாருங்கள். கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் வைத்து, சேற்றுநீரை வடித்து உண்ணும். கால்களால் சேற்றைக் கிளறும்போது கலங்கிய நீர் சிறு வட்டமாகப் பரவும். என் அம்மம்மா அதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் பேசாமல் நின்றார். ஊசிவால் வாத்துகளும் வடக்கேயிருந்து கூட்டமாக இங்கே வந்து சேரும்.

கிளிநொச்சிப் பக்கம் இருக்கும் சுண்டிக்குளம் அவ்வளவு எளிதில் கிட்டாது. வழி நீளம், நிழல் குறைவு, குடிநீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். 1938இல் பறவைச் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவானது. கண்டல், பனை, முட்புதர், கடல்நீரேரி என நிலம் மாறிக்கொண்டே போகும். கோடையில் கரையோரச் சேறு வெடித்து, உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும்.

எனக்கு ஒரு நாள் முழுதாகக் கிடைத்தால் சுண்டிக்குளம்தான். வங்காலையில் வாகன இரைச்சல் கூடவே வரும். சுண்டிக்குளத்தில் சிறகடிப்பு தனியாகக் கேட்கும். எங்கே போனாலும் விடியற்காலையிலேயே போய்விடுங்கள், பொலித்தீன் பைகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.