கிராஃபிங் கால்குலேட்டர்கள்: பல வருடப் புழக்கத்தில் நின்றவையும் நொண்டியவையும்

சமன்பாட்டைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் பழைய கிராஃபிங் கால்குலேட்டர் கைக்கு வந்ததும் எல்லோரும் திரையில் கீறல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். முதலில் கழற்ற வேண்டியது பேட்டரி மூடியை. கீறலோடு பத்து வருடம் ஓட்டலாம். பச்சை பூத்த ஸ்பிரிங்கோடு பத்து நாள் ஓடுவதே சந்தேகம்.

அல்கலைன் பேட்டரி கசிந்தால் வெளியே வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காற்று பட்டு வெள்ளைப் பொருக்காகக் காய்ந்துவிடும். பஞ்சுக் குச்சியில் வினிகரைத் தொட்டு வைத்தால் லேசாக நுரைக்கும். நுரை நின்றதும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, முனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இவ்வளவு செய்து ஸ்பிரிங் பளபளவென்று இருந்தும் உயிர் வரவில்லை என்றால் ஸ்பிரிங்கிலிருந்து போர்டுக்குப் போகும் ஒயரைச் சந்தேகப்படுங்கள். கசிவு ஒயரின் உறைக்குள்ளேயே ஊர்ந்து ஏறும். வெளியே சிவப்பாகவே தெரியும், உரித்தால் உள்ளே கறுத்திருக்கும். அதைச் சுரண்டிச் சரிசெய்ய நினைப்பது வீண். இரண்டு அங்குல ஒயரை மாற்றிப் பற்றவைப்பதுதான் வழி.

அடுத்தது திரை. பழைய டிஐ (டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ்) மாடல்களில் சில கோடுகள் மட்டும் காணாமல் போவது சகஜம். திரையையும் போர்டையும் இணைக்கும் ரிப்பன் சாலிடர் செய்யப்பட்டதல்ல, சூட்டில் ஒட்டப்பட்டது. அந்தப் பசை வருடங்கள் போகப் போக விட்டுவிடுகிறது. திரைக்குச் சற்றுக் கீழே விரலால் அழுத்தும்போது கோடு திரும்பி வந்தால் நோய் அதுதான். டி6 டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவரால் பின்மூடியைத் திறந்து, ரிப்பனின் மேல் மெல்லிய சிலிக்கான் ரப்பர் துண்டை வைத்து, சாலிடரிங் அயர்னை மிகக் குறைந்த சூட்டில் ஓரிரு வினாடி அழுத்தி எடுக்கலாம். கொஞ்சம் கூடினாலும் ரிப்பன் சுருங்கிவிடும், பிறகு மீட்சியே இல்லை. இரண்டு மூன்று கோடுதான் போயிருக்கிறது என்றால் அப்படியே விட்டுவிடுவது உத்தமம்.

சேகரிப்பை எங்கிருந்து தொடங்குவது என்றால், வரலாற்றுப்படி 1985-இல் வந்த கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜி. உலகின் முதல் கிராஃபிங் கால்குலேட்டர், புரோகிராமுக்கு மொத்தம் 422 பைட். அலமாரிக்கு அது. தினமும் புரோகிராம் எழுத டிஐ-83 பிளஸ் அல்லது டிஐ-84 பிளஸ். 1999-இல் வந்த 83 பிளஸ் 6 மெகாஹெர்ட்ஸ் இசட்80 சிப்பில் ஓடுகிறது. நம் கைக்குக் கிடைக்கும் ராம் 24 கேபி, திரை 96×64 புள்ளி. 2004-இல் வந்த 84 பிளஸில் வேகம் 15 மெகாஹெர்ட்ஸ், யுஎஸ்பியும் உண்டு. ராம் 24 கேபி என்பது மட்டும் மாறவில்லை. அந்த நெருக்கடிதான் இந்தப் பொழுதுபோக்கின் ருசியே.

ஒரு உதாரணம். 8 வரி, 16 பத்தி கொண்ட விளையாட்டு வரைபடத்தை மேட்ரிக்ஸில் வைக்கத்தான் கை போகும். ஆனால் டிஐ கால்குலேட்டருக்குள்ளேயே இருக்கும் புரோகிராம் மொழியான டிஐ-பேசிக்கில் ஒவ்வொரு எண்ணும் 9 பைட். 128 கட்டத்துக்கு 1,152 பைட் போய்விடும். அதையே ஸ்ட்ரிங்கில் பெரிய எழுத்துகளாக வைத்தால் கட்டத்துக்கு ஒரே பைட். படிக்கும்போது ‘சப்(’ கொண்டு ஓர் எழுத்தை உருவி, ‘இன்ஸ்ட்ரிங்(’ கொண்டு அதை எண்ணாக்கிக்கொள்ளலாம். சின்ன எழுத்துகளைப் போட்டுவிடாதீர்கள், அவை தலைக்கு 2 பைட்.

விசைப்பலகையைப் படிப்பதற்கு ‘இஃப்’ மேல் ‘இஃப்’ அடுக்கத் தேவையில்லை. வலது அம்புக்குறியின் எண் 26, இடதுக்கு 24. ஒப்பீட்டின் விடை 1 அல்லது 0 என்பதால் ஒரே வரி போதும் (கே அழுத்திய விசையின் எண், ஏ புள்ளி நிற்கும் இடம்):

மேக்ஸ்(0,மின்(94,ஏ+(கே=26)-(கே=24→ஏ

புள்ளி திரையின் ஓரத்தைத் தாண்டாமல் இருப்பதையும் இந்த வரியே பார்த்துக்கொள்ளும். மூடாத அடைப்புக்குறிகளை அம்பு தானே மூடிவிடுவதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் லாபம். புள்ளி வைக்க ‘பிடி-ஆன்’ வேண்டாம், ‘பிக்சல்-ஆன்’ போடுங்கள். முன்னது ஒவ்வொரு முறையும் ஜன்னல் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் புள்ளியிடும்.

ஆனால் அடைப்புக்குறியை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. ‘ஃபார்(’ வரியின் கடைசி அடைப்புக்குறியை விட்டுவிட்டு, அடுத்த வரியில் ‘தென்’ இல்லாத ‘இஃப்’ வந்தால், நிபந்தனை பொய்யாகும் ஒவ்வொரு சுற்றிலும் புரோகிராம் ஆமையாகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது, விடையும் சரியாகவே இருக்கும், வேகம் மட்டும் போகும். ஒரு பைட்டுக்கு ஆசைப்பட்டு இதில் மாட்டாதவர்கள் குறைவு.

இன்னொன்று ‘கோட்டூ’. ‘ஃபார்’, ‘வைல்’, ‘இஃப்-தென்’ ஆகியவற்றுக்குள்ளிருந்து ‘கோட்டூ’ போட்டு வெளியே குதித்தால், அந்தக் கட்டளை தன் ‘எண்ட்’டுக்காகக் காத்துக்கொண்டே ராமில் சில பைட்டைப் பிடித்து வைத்திருக்கும். திரும்பத் திரும்பக் குதித்தால் மெல்ல மெல்ல வேகம் குறைந்து, கடைசியில் மெமரி பிழையோடு நிற்கும். புரோகிராமை நிறுத்திவிட்டு மெமரியைப் பார்த்தால் இடம் தாராளமாக இருக்கும், ஏனென்றால் நிறுத்தியதும் எல்லாம் விடுபட்டிருக்கும். விளையாட்டின் மையச் சுற்றை ‘கோட்டூ’ இல்லாமல் ‘ரிபீட்’டில் எழுதினால் இந்த வம்பே கிடையாது.

சிப்போடு நேரடியாகப் பேசும் அசெம்பிளி மொழிக்குப் போனால் வேகம் கண்ணைப் பறிக்கும், ஒரு தப்பு நடந்தால் ராமும் பறிபோகும். எழுதிய எதையும் சோதிக்கும் முன் ஆர்க்கைவில், அதாவது ஃபிளாஷ் மெமரியில், போட்டுவிட வேண்டும். ஃபிளாஷில் இருப்பது ராம் அழிந்தாலும் பிழைக்கும். ஆர்க்கைவ் நிறையும்போது ‘கார்பேஜ் கலெக்ட்’ (அழித்தவை பிடித்திருக்கும் இடத்தை மீட்பது) செய்யவா என்று கேட்கும். சரி சொல்லிவிட்டு, முடியும்வரை பேட்டரியில் கை வைக்கக் கூடாது. பழைய அசெம்பிளி விளையாட்டு புதிய 84 பிளஸில் குப்பைத் திரையாகத் தெரிந்தால் மெஷின் கெட்டுவிட்டதாகப் பயப்பட வேண்டாம். பிற்காலத் தயாரிப்புகள் சிலவற்றில் திரையை இயக்கும் டிரைவர் சிப் மெதுவானது, பழைய புரோகிராம் அது தயாராகும் முன்பே அடுத்த பைட்டைத் தள்ளிவிடுகிறது. டிரைவர் ஓய்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுதும் ரூட்டீனை மாற்றிப்போட்டால் சரியாகும்.

எச்பி 48ஜிஎக்ஸ் வேறு ஜாதி. 1993-இல் வந்தது, 128 கேபி ராம், கார்டு செருக இரண்டு ஸ்லாட். 48ஜி என்று மட்டும் போட்டிருந்தால் 32 கேபி, ஸ்லாட் கிடையாது. வாங்கும்போது அந்த ஓர் எழுத்தைக் கவனியுங்கள். எண்களை முதலில் ஓர் அடுக்கில் வைத்துவிட்டு, என்ன செய்வது என்பதைப் பிறகு சொல்லும் இதன் ஆர்பிஎல் மொழி முதல் வாரம் எரிச்சலூட்டும். பிறகு டிஐ-பேசிக் பக்கம் திரும்ப மனசு வராது. செங்கோண முக்கோணத்தின் கர்ணத்துக்கு ஒரு மாறிகூட வேண்டாம் (‘டூப்’ நகல் எடுக்கும், ‘ஸ்வாப்’ இடம் மாற்றும்):

« டூப் * ஸ்வாப் டூப் * + √ »

அடுக்கில் 3, 4 வைத்து ஓட்டினால் 4 பதினாறாகி, இடம் மாறி, 3 ஒன்பதாகி, கூடி, மூலம் எடுத்து 5 வந்து நிற்கும்.

கணினியிலிருந்து 48-க்கு ஃபைல் ஏற்றும்போது இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, ஐ/ஓ அமைப்பு ‘ஐஆர்’ (அகச்சிவப்பு) என்றே இருப்பது. கேபிள் மாட்டியிருந்தால் ‘வயர்’ என்று மாற்ற வேண்டும். மற்றொன்று, பைனரி ஃபைலை ஆஸ்கி முறையில் அனுப்புவது. அப்போது புரோகிராமுக்குப் பதில் ‘எச்பிஎச்பி48-’ என்று தொடங்கும் ஒரு நீளமான ஸ்ட்ரிங் அடுக்கில் வந்து உட்காரும். அதை அழித்துவிட்டு, ஃபைல் அனுப்பும் கெர்மிட்டைப் பைனரிக்கு மாற்றி மறுபடி அனுப்பினால் போதும். விசைகள் வரிசையாக வேலை செய்யாத 48-ஐ மட்டும் தள்ளி வைக்கலாம். உடம்பைப் பிளாஸ்டிக்கை உருக்கியே மூடியிருப்பதால் சேதமில்லாமல் திறப்பது பெரும்பாடு.

2015-இல் வந்த டிஐ-84 பிளஸ் சிஇயில் கலர் திரையும் 48 மெகாஹெர்ட்ஸ் இஇசட்80 சிப்பும் இருப்பதால், சி மொழியில் எழுதியது பறக்கும். சிக்கல் ஓஎஸ்ஸில். 2020-இல் வந்த அப்டேட்டிலிருந்து அசெம்பிளி புரோகிராம் ஓட்டும் வசதியை எடுத்துவிட்டார்கள், ஏற்றிய ஓஎஸ்ஸிலிருந்து பழையதற்கு இறங்கவும் விடுவதில்லை. குறுக்கு வழிகளை ஆர்வலர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றாலும், பழைய ஓஎஸ்ஸோடு ஒன்று கிடைத்தால் அப்டேட் பொத்தான் பக்கமே போகாதீர்கள்.

டிஐ-83 பிளஸையோ சாதா 84 பிளஸையோ எடுத்து வைக்கும்போது நான்கு ஏஏஏ பேட்டரிகளையும் கழற்றிவிட வேண்டும். கழற்றிய பின் ராமைக் காப்பது உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி மட்டுமே. அதை நம்பாமல், முன்கூட்டியே எல்லாவற்றையும் கணினிக்கு இறக்கிவிடுங்கள். இரண்டு வகையையும் ஒரே நேரத்தில் கழற்றினால் ராமில் ஒன்றும் மிஞ்சாது. எஃப்எக்ஸ்-7000ஜியிலும் 1990-இன் டிஐ-81-இலும் கேபிள் மாட்டும் துளையே இல்லை. அவற்றுக்கு பேக்கப் என்றால் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும்தான்.