பழைய கடல் ஓவியங்களின் இடம் தேட கூகுள் எர்த் ப்ரோ எப்படி?

பழைய கடல் ஓவியம் ஒன்றைப் பார்த்துவிட்டால், இது எந்தக் கரை, ஓவியர் எங்கே நின்று வரைந்தார் என்று கண்டுபிடிக்கும்வரை எனக்கு இருப்பு கொள்ளாது. முதலில் ஒரு படத்தேடல் செயலியில் போட்டுப் பார்த்தேன். ஓவியத்தின் பெயரும் அதே மாதிரி படங்களும் வந்தன, நின்ற இடம் வரவில்லை. அப்புறம்தான் பூமியின் எந்த இடத்தையும் முப்பரிமாணத்தில் சுற்றிக்காட்டும் கூகுள் எர்த் ப்ரோவைக் கணினியில் இறக்கினேன். இலவசம்தான்.

சோதனைக்கு எடுத்தது க்ளோத் மோனே 1883-ல் எத்ரெத்தாவில் வரைந்த சூரிய அஸ்தமனம். பிரான்சின் நார்மண்டிக் கரையில் இருக்கிற ஊர் அது. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை வளைந்து கடலில் கால் ஊன்றி நிற்கும், அதற்குப் பின்னால் ஊசி மாதிரி ஒரு தனிப்பாறை. ஊர் தெரிந்த பிறகுதான் உண்மையான வேலையே. கரையோரம் பார்வையைத் தரைமட்டத்துக்கு இறக்கி நகர்த்த நகர்த்த, வளைவுக்கு மேலே ஊசிப்பாறை தெரிகிற அளவு மாறிக்கொண்டே போகிறது, ஓவியத்தோடு அது பொருந்துகிற இடம் வடக்கே அமோன் பாறைப் பக்கத்துக் கரையில்தான்.

அதைவிட எனக்குப் பிடித்தது, வைக்கிற தேதிக்கேற்ப சூரியன் இருக்கும் இடத்தைக் காட்டும் சூரிய ஒளி வசதி. பிப்ரவரித் தேதி வைத்தால் சூரியன் தென்மேற்கே, அந்த ஊசிப்பாறைப் பக்கமாகவே இறங்குகிறது. ஜூன் வைத்தால் வடமேற்கே வெகுதூரம் விலகிவிடுகிறது. டெக்சாஸ் வானியலாளர் டொனால்ட் ஓல்சன் குழு இதே மாதிரி ஓவியர் நின்ற இடத்தையும் சூரியனின் திசையையும் வைத்து, கூடவே மோனேயின் கடிதங்கள், அலை ஏற்ற இறக்கம், வானிலை எல்லாவற்றையும் சேர்த்து, ஓவியத்தில் இருக்கிற காட்சி 1883 பிப்ரவரி 5 மாலை 4:53 என்று நிமிடம்வரை சொன்னது. நானே செய்து பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஆனால் மணல் கரை என்றால் கவனமாக இருங்கள். தாமஸ் டேனியல் தீட்டி 1797-ல் அச்சான சென்னைக் கோட்டைக் காட்சியில் அலை கோட்டைக்குப் பக்கத்திலேயே அடிக்கிறது, இன்றைய செயற்கைக்கோள் படத்தில் நடுவே அகலமான மணல்தான். 1876-ல் துறைமுக வேலை தொடங்கிய பிறகு அதன் தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போனதுதான் காரணம். அங்கெல்லாம் கடலும் கரையும் சேர்கிற எல்லையை நம்பாதீர்கள், கோட்டை மதிலையும் தேவாலயக் கோபுரத்தையும் பிடித்துக்கொண்டு கோணம் பாருங்கள். எத்ரெத்தா மாதிரி பாறைக் கரைக்கு ஐந்துக்கு ஐந்து, மணல் கரைக்கு மூன்று கொடுப்பேன்.