கோர்ட் படியேறிய வீட்டுக்கு எது: 'பிளீக் ஹவுஸா', 'ராக் தர்பாரி'யா?

அரசியலையும் கோர்ட்டையும் சேர்த்து எள்ளும் நாவல் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் என் கை இரண்டு புத்தகங்களுக்குத்தான் போகும். சார்லஸ் டிக்கன்ஸ் 1852 மார்ச்சிலிருந்து 1853 செப்டம்பர் வரை மாதத் தொடராக எழுதிய 'பிளீக் ஹவுஸ்' ஒன்று. ஸ்ரீலால் சுக்ல 1968-ல் இந்தியில் எழுதி, மறு வருஷமே சாகித்ய அகாதமி விருது வாங்கிய 'ராக் தர்பாரி' இன்னொன்று.

அரசியல் என்று பார்த்தால் போட்டியே இல்லை, சுக்லதான். அரசு அதிகாரியாக இருந்தவர் என்பது வரிக்கு வரி தெரியும். சிவபால்கஞ்ச் கிராமத்துக் காலேஜும் கூட்டுறவுச் சங்கமும் ஒரு வைத்தியரின் கைக்குள். பஞ்சாயத்தும் வேண்டும் என்று தோன்றியதும், தன் வீட்டில் பாங்கு என்ற போதை இலை அரைக்கும் சனீச்சரை நிறுத்தித் தலைவராக்கிவிடுகிறார். மேலூர்ப் பக்கம் ஒரு சங்கத் தேர்தலைக் கிட்ட இருந்து பார்த்தவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. டிக்கன்ஸோ கூடில், டூடில் என்று பிரபுக்கள் பெயரை அடுக்கி, அதே ஆட்கள் மாறி மாறி ஆள்வதைக் காட்டுவதோடு நகர்ந்துவிடுகிறார்.

கோர்ட், கச்சேரி விஷயம் அப்படியில்லை. சுக்லவின் லங்கட், தாலுகா ஆபீஸில் ஒரு நகலுக்கு மனுப் போட்டவர். லஞ்சம் தர மாட்டேன் என்கிறார் இவர். விதிப்படிதான் தருவேன் என்கிறார் குமாஸ்தா. நகல் தயார் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டும்போது இவர் காய்ச்சலில் கிடக்கிறார். எழுந்து வருவதற்குள் கெடு முடிந்து கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். நகல் பிரிவு ஜன்னலில் நின்று பார்த்தவருக்கு வயிறு கலங்கும். ஆனால் லங்கட்டைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. நாவலும் அவரை எட்ட நின்றே பார்க்கிறது. எனக்கு அது போதவில்லை.

காரணம், எங்கள் பெரியப்பா. பாகப்பிரிவினை வழக்கு. 2004 ஜூலை 24-ல் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை திறக்கும்வரை அப்பீலுக்குச் சென்னைதான். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ், காலையில் எழும்பூர், வக்கீலைப் பார்த்துவிட்டு மறுபடி ரயில். கிளை வந்தபிறகு யானைமலையைப் பார்த்தபடி ஒத்தக்கடையில் இறங்குவார். கக்கத்தில் மஞ்சப்பை. அதில் பட்டா நகல், வில்லங்கச் சான்று, வாய்தாத் தேதி எழுதிய சீட்டுகள். முடிந்துபோன தேதிச் சீட்டைக்கூடத் தூக்கிப்போட விடமாட்டார்.

'பிளீக் ஹவுஸில்' மிஸ் ஃபிளைட் என்ற கிழவியும் பையில் காகிதங்களோடு தினமும் சொத்து வழக்குகளைப் பார்க்கும் லண்டன் சான்சரி கோர்ட்டுக்கு வருகிறாள். தீர்ப்பு வந்ததும் பறக்கவிடுவேன் என்று அறையில் குருவிகளைக் கூண்டில் வைத்திருக்கிறாள். டிக்கன்ஸ் சின்ன வயதில் வக்கீல் ஆபீஸில் வேலை பார்த்தவர்; அந்த அறைக்குள்ளேயே நம்மைக் கூட்டிப்போகிறார். நாவல் முழுக்க இழுக்கிற ஜார்ண்டைஸ் குடும்பச் சொத்து வழக்கு முடிகிற நாளில் பங்கு பிரிக்க ஒன்றுமே மிச்சமில்லை, சொத்து முழுக்க வழக்குச் செலவில் கரைந்திருக்கிறது. கூட்டம் சிரித்துக்கொண்டு வெளியே வருகிறது, பின்னால் கட்டுக் கட்டாகக் காகிதம்.

67 அத்தியாயம், பொறுமை வேண்டும். ஊர் அரசியல் போதும் என்பவர் சுக்லவை எடுக்கட்டும். வீட்டில் வாய்தா ஓடுகிறவருக்கு டிக்கன்ஸ்தான்.

பெரியப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சொத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"அந்தம்மா குருவிய விட்டுச்சாடா?"

"விட்டுச்சு பெரியப்பா. கேஸ் முடிஞ்ச அன்னைக்கே."