ஒரு மணி நேரத்தில் 22 கிருமிகள்: ஒரு மலப் பரிசோதனையின் மதிப்பீடு

வயிற்றுப்போக்கோடு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியவற்றுக்குச் செலவே இல்லை: காய்ச்சல் உண்டா, மலத்தில் ரத்தமோ சளியோ போகிறதா, கடைசியாக எதை, எப்போது சாப்பிட்டார். பயோஃபயர் நிறுவனத்தின் ஃபிலிம்அரே குடல்தொற்றுப் பரிசோதனையை ஓராண்டாக எழுதிக்கொடுத்துவரும் பொது மருத்துவன் என்ற முறையில், இந்தக் கேள்விகளைத் தாண்டி அது எனக்கு எதைச் சொன்னது என்பதை வைத்தே அதை மதிப்பிடுகிறேன்.

அமெரிக்காவில் 2014இல் அனுமதி பெற்ற இது, ஒரே மல மாதிரியில் 13 பாக்டீரியாக்கள், 5 வைரஸ்கள், 4 ஒட்டுண்ணிகள் ஆகியவற்றின் மரபணுவைப் பி.சி.ஆர். முறையில் தேடிச் சுமார் ஒரு மணி நேரத்தில் விடை தருகிறது. கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும்.

காலராவுக்கு இது தேவைப்படுவதில்லை. பெரும்பாலும் காய்ச்சலின்றி, அரிசி களைந்த நீர்போல் ஓயாமல் போகிறவருக்கு அறிக்கை வரும்வரை காத்திருப்பதே ஆபத்து, ஓ.ஆர்.எஸ். கரைசலோ நரம்புவழி உப்புக்கரைசலோ அதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ரத்தபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியாவும் காய்ச்சல், ரத்தமும் சளியுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போதல், போய்வந்த பின்னும் அடங்காத முக்கல் என்று பல வேளைகளில் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். கேம்பைலோபேக்டர், யெர்சினியா என்ற பாக்டீரியாக்கள் அப்படியல்ல. வலப்பக்க அடிவயிற்றில் வலியை உண்டாக்கி, அப்பெண்டிசைட்டிஸ் (குடல்வால் அழற்சி) என்றே நம்பவைக்கும். அப்படி அறுவைசிகிச்சைக்குத் தயாரான ஒருவருக்கு, ஸ்கேனில் குடல்வால் இயல்பாகத் தெரிந்ததோடு இந்த அறிக்கையில் கேம்பைலோபேக்டரும் வந்ததால், கத்தி வைக்காமல் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது.

ரத்தம் போகிறது, காய்ச்சலோ பெரிதாக இல்லை என்னும்போது ஷிகா என்னும் நச்சைச் சுரக்கும் ஈ.கோலை பாக்டீரியாவை நினைக்க வேண்டும். குறிப்பாகக் குழந்தைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடிய இத்தொற்றில் ஆன்டிபயாட்டிக் அந்த ஆபத்தைக் கூட்டலாம் என்பதால், மருந்து எழுதாமல் கையைக் கட்டிக்கொண்டிருக்கும் துணிவை இந்த அறிக்கைதான் தருகிறது. எனக்கு இதன் பெரும்பயன் இதுவே.

குறைகளும் சிறியவை அல்ல. செத்த கிருமியின் மரபணுவையும் இது பிடித்துவிடும். சில அறிக்கைகளில் இரண்டு மூன்று பெயர்கள் சேர்ந்து வந்து, எது குற்றவாளி என்று மீண்டும் நோயாளியின் கதையையே கேட்க வைக்கின்றன. சி. டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியா நோயின்றியே பச்சிளங்குழந்தைகளின் குடலில் குடியிருக்கும். அண்மையில் ஆன்டிபயாட்டிக் எடுத்த பெரியவரிடம் வந்தால்தான் அந்தப் பெயருக்கு உரிய எடை உண்டு. விருந்து முடிந்த மூன்று மணி நேரத்தில் வாந்தி எடுப்பவரிடம் நாம் சந்தேகிக்கும், உணவை நஞ்சாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியா இப்பட்டியலிலேயே இல்லை. டைபாய்டு சந்தேகத்துக்கு ரத்தக் கல்ச்சரே வழி. எந்த மருந்துக்குக் கிருமி மடங்கும் என்பதையும் இது சொல்லாததால், கல்ச்சரைக் கைவிட முடியவில்லை.

விலை கல்ச்சரைவிடப் பல மடங்கு. நான் அனுப்பிய ஓர் ஆய்வகம் மாதிரிகளை வேறு ஊருக்கு அனுப்பிவைத்ததில் ஒரு மணி நேர விடை மறுநாள் மாலைதான் வந்தது. கருவி எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். ரத்தபேதியுள்ள குழந்தை, நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர், ஒரு வாரமாகியும் நிற்காதவர் ஆகியோருக்கு மட்டுமே இப்போது இதை எழுதுகிறேன்.